கவிழ்த்த பேசின்

மஞ்சள் அட்டைப் புத்தகத்தில்
ஊரார் இழப்பையெல்லாம் எழுதுகிறவள் நான்.
தேதி, வயல், விலங்கு, எத்தனை வரிசை,
பார்த்தவர் யாராவது இருந்தால் அவர் பெயர்.
பதினோரு மழைக்காலமாக
இந்தக் குவாண்டோ ஆற்றங்கரையில்
என் கையெழுத்தில்தான் யானைகள் மேய்கின்றன.

முந்தாநாள் இரவு
என் மக்காச்சோளத்துக்கே வந்தது ஒன்று.

வேலியோரம் மிளகாய் கலந்த சாணவறட்டி
புகைந்துகொண்டுதான் இருந்தது.
காற்று திரும்பியது;
வீட்டுக்குள் நாங்கள் இருமினோம்.
அது வேலியைச் சுற்றிக்கொண்டு
கிழக்கிலிருந்து நிதானமாக வந்தது,
வழி தெரிந்த சம்பந்தி மாதிரி.
தகரத்தைத் தட்டினேன். மகள் டார்ச் அடித்தாள்.
ஒரு வரிசையை முடித்த பிறகே
அடுத்ததற்குப் போனது.
அதில் ஒரு நேர்த்தி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

விடிந்ததும் நூலோடு போனேன்.
முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூல் விட்டு
அதை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம்.
என் கூரை விளிம்புக்கு மேல் ஒரு சாண் வந்தது.
பின்னங்கால் தடத்தில் ஒரு வெடிப்பு,
கவண் கட்டை போலப் பிரிந்து.
அவன்தான்.
மட்டேங்குவின் கொல்லையில் அவனை அளந்திருக்கிறேன்,
தேவாலயத்துப் பூசணிக் கொடிகளுக்கு நடுவே,
பிறகு ஆற்றுத்துறையில்,
லிகாண்டோ கிடந்த இடத்துக்குப் பக்கத்தில்.
அந்தப் பக்கத்தில்
'சேதம், எத்தனை ஹெக்டேர்' என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

சொந்த வயலுக்கு நானே சாட்சியாக முடியாது.
அந்த விதிக்குக் கை தூக்கியவர்களில்
நானும் ஒருத்தி.
அடுத்த ஊர்க் காவலர் சிசெஹோ
மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும்.
மேற்கே மேகம் கறுத்துவிட்டது.

வீட்டில் இருப்பது ஒரே பேசின்.
மீன் கழுவ, பிள்ளையைக் குளிப்பாட்ட,
பள்ளிச் சட்டை ஊறவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.
கொண்டுபோய் வெடித்த தடத்தின்மேல் கவிழ்த்து
ஒரு கல்லும் வைத்தேன்.
"அவன் காலுக்குக் குடை பிடிக்கிறாய்,
என் சட்டைக்குத் தண்ணீர் காட்டப் பாத்திரமில்லை"
என்றாள் மகள்.
அவளுக்கு வாய் அதிகம்.

இரண்டு இரவும் மழை.
பிளாஸ்டிக்கின் முதுகில் அது விழும் சத்தம்
கொல்லையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.
தூங்காமல் கணக்குப் போட்டேன்.
இழப்பீடு வந்தால் மூன்று மூட்டை மாவு.
கொல்லை தந்திருக்கும், ஒன்பது.
அவனைப் பார்க்கவென்று
ஆற்று வளைவு விடுதிக்கு வருகிறவர்கள் தரும் காசில்தான்
மருந்தகக் கூரைக்குச் சூரியத் தகடு வந்தது.
என் தங்கை நசிலேலே வெளிச்சத்தில் பெற்றாள்.
நான் இவளை மெழுகுவத்தியில் பெற்றேன்.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?
லிகாண்டோவின் மனைவி வந்து கேட்டால்
எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது?

சிசெஹோ வந்தார், முழங்கால்வரை சேறு.
முதலில் தேநீர், பிறகுதான் வேலை.
கல்லை எடுத்தார். பேசினைத் தூக்கினார்.
சுற்றிலும் எல்லாம் கரைந்து ஓடியிருக்க
அங்கே மட்டும் காய்ந்த மண்,
வெடிப்பின் ஒவ்வொரு கிளையோடும்.
நடுவில் ஒரு தேரை.
வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கி
அத்துமீறி நுழைந்தது நாங்கள்தான் என்பதுபோல் பார்த்தது.

நூலைப் பிடித்தபடி காத்திருந்தார்.
அது நகரவில்லை.
"இதையும் எழுதணுமா?"
"பத்தி இல்லை" என்றேன்.
தேரையைச் சுற்றியே அளந்தோம்.

இழந்தவர்: நலுகுயி.
அந்தப் புத்தகத்தில் முதல்முறையாக
வேறொருவர் கையெழுத்தில் நான்,
ஒரு எழுத்துப் பிழையோடு.

சனிக்கிழமை கூட்டம்.
அவனைத் தொல்லை விலங்கு என்று அறிவிக்கலாமா என்பார்கள்.
அறிவித்தால் துப்பாக்கி வரும்,
ஊருக்கெல்லாம் இறைச்சி வரும், அதோடு முடியும்.
மரத்தடியில் கைகளை எண்ணுவார்கள்.

என் கை இரண்டும் இப்போது
பேசினைத் தேய்த்துக்கொண்டிருக்கின்றன.
விளிம்பில் ஒட்டிய களிமண் லேசில் போகாது.
சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
மகள் காத்து நிற்கிறாள்.